கோடு விழும் முன்: உங்கள் ஊர்க் கடலை நீங்களே வரைவது எப்படி?

இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே கரையை ஒட்டி 21 தீவுகள். அவற்றையும் அவற்றைச் சுற்றிய ஆழம் குறைந்த கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டரை மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா என்று 1986இல் அரசு அறிவித்தது. பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் ஏற்றிக்கொண்டிருந்த காலம் அது. காப்பாற்ற வேண்டிய தேவை உண்மையானது. பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் இன்று நீர்மட்டத்துக்கு மேலே இல்லை. ஆனால் அந்தத் தீவோரங்களில் தலைமுறையாகக் கடற்பாசி எடுத்துவந்த பெண்கள் பலருக்கு, தாங்கள் இடுப்பளவில் நிற்கும் தண்ணீர் பூங்காவாகிவிட்டது என்பது, பின்னாளில் கண்காணிப்பு இறுகியபோதுதான் உறைத்தது.

முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து, 2022 செப்டம்பரில், பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் கடற்பசு பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. இது வேறு வகை. உள்ளூர் மக்களைக் கலந்து பேசிய பிறகே இந்த வகையை அறிவிக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. உங்கள் கரையிலும் நாளை இப்படியொரு பேச்சு எழலாம். அப்போது உங்களுக்கு ஒரு நாற்காலி போடுவார்கள். அதில் உட்கார்ந்ததும் மேசைமேல் எதை விரிக்கப்போகிறீர்கள்?

அதிகாரி கொண்டுவரும் படத்தில் உங்கள் கடல் வெறும் நீலமாக இருக்கும். எழுதிவைக்காத உழைப்பு அந்த நீலத்துக்குள் காணாமல் போகும். ஆகவே கூட்டத்துக்கு அழைப்பு வருவதற்குக் குறைந்தது ஆறு மாதம் முன்பே உங்கள் படம் தயாராகிவிட வேண்டும். அதைச் செய்யும் வழியைத்தான் இந்த அத்தியாயம் சொல்கிறது. ஊராட்சி உறுப்பினர், மீனவர் கூட்டுறவுச் சங்கத்தார், மகளிர் குழுத் தலைவி, கல்லூரி முடித்துவிட்டு ஊரில் இருக்கும் பிள்ளைகள் என்று யார் வேண்டுமானாலும் தொடங்கலாம். ஆறு முதல் எட்டுப் பேர் போதும். அதில் பாதிப் பேர் பெண்களாக இருக்கட்டும்.

கையில் இருக்க வேண்டியவை

பழைய ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்று (பின்பக்கம் வெள்ளையாக இருப்பது), அழியாத மார்க்கர் பேனா நான்கு நிறத்தில், வண்ணக் கோலமாவு, இரண்டு நீள நோட்டு, ஜி.பி.எஸ். உள்ள கைப்பேசி அல்லது படகில் இருக்கும் ஜி.பி.எஸ். கருவி, ஒரு பாகத்துக்கு (ஏறத்தாழ 6 அடி) ஒரு முடிச்சாகப் போட்ட கயிறு, அதன் நுனியில் கட்ட ஈயக்குண்டு. விலை கொடுத்து வாங்க வேண்டியது அதிகம் இல்லை.

முதல் படி: இந்தக் கடலில் யார் யார் இறங்குகிறார்கள்?

படம் வரையும் ஆர்வத்தில் நேரே படத்துக்குப் போய்விடாதீர்கள். முதலில் ஆட்களின் பட்டியல் வேண்டும்.

நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் ஓர் ஊரில் மூன்று நாள் உட்கார்ந்து படம் போட்டோம். விசைப்படகு ஓடும் இடம், நாட்டுப்படகு வலை விடும் இடம், கரைவலை வளைக்கும் பாடு எல்லாம் வந்துவிட்டது. மூன்றாம் நாள் சாயங்காலம் பாசி மூட்டையோடு கரையேறிய ஓர் அம்மா, ஈரச்சேலையோடு படத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தார். "படமெல்லாம் சரிதான் தம்பி. நாங்க இறங்குற எடம் எங்க?" என்றார். அந்த ஊரில் பாதி வீடுகளில் பெண்கள் பாசிக்குப் போகிறவர்கள். நாங்கள் கூட்டம் வைத்ததோ அமாவாசையை ஒட்டி. வற்று (கடல் இறக்கம்) நன்றாகக் கிடைக்கும் அந்த நாட்களில் அவர்கள் எல்லோரும் கடலில் இருந்தார்கள். கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. அந்தப் படத்தை அப்படியே கொடுத்திருந்தால், அவர்கள் இறங்கும் பார் (கடலடிப் பாறைத்திட்டு) முழுவதும் ஆள் புழங்காத இடம் என்று பதிவாகியிருக்கும். ஆள் புழங்காத இடத்தைத்தான் முதலில் மூடுவார்கள். அன்றிலிருந்து ஆட்களின் பட்டியல் முடியாமல் நான் பேனாவைத் திறப்பதில்லை.

பட்டியலை நான்கு கேள்விகளில் முடிக்கலாம்.

1. கலத்தோடு போகிறவர்கள் யார்? விசைப்படகு, வத்தை, வல்லம், ஃபைபர் படகு, தெர்மாகோல் மிதவை என ஒவ்வொன்றையும் எண்ணிக்கையோடு எழுதுங்கள். படகின் சொந்தக்காரரை மட்டும் எழுதினால் போதாது. கூலிக்குப் போகிறவர்களையும் சேருங்கள்.

2. கலம் இல்லாமல் இறங்குகிறவர்கள் யார்? பாசி எடுப்பவர், சிப்பி பொறுக்குபவர், சங்கு குளிப்பவர், கரைவலை இழுப்பவர், கரையில் நின்று தூண்டில் போடும் முதியவர். விடுபட்டுப்போவது பெரும்பாலும் இவர்கள்தான்.

3. இறங்காமலே இந்தக் கடலில் பிழைக்கிறவர்கள் யார்? கருவாடு போடுபவர், தலைச்சுமையாக மீன் விற்பவர், ஏலம் கூறுபவர், வலை பொத்துபவர்.

4. வெளியூரிலிருந்து எந்த மாதத்தில் யார் வருகிறார்கள்? வாடைக்காற்று வீசும் மாதங்களில் பாக் விரிகுடா கொந்தளிக்கும், மன்னார் வளைகுடாப் பக்கம் அடங்கிக் கிடக்கும். தென்மேற்குக் காற்றில் இது தலைகீழ். இதனால் படகுகள் பருவத்துக்குப் பருவம் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் மாறும். உங்கள் ஊர்க் கடலில் மூன்று மாதம் வலை விடும் பக்கத்து ஊராரை விட்டுவிட்டு நீங்கள் படம் போட்டால், நாளைக்கு உங்கள் எல்லைக்கோட்டை முதலில் எதிர்ப்பவர்கள் அவர்களாகவே இருப்பார்கள். எதிர்ப்பதில் நியாயமும் இருக்கும்.

குறிப்பு: கூட்ட நாளை உழைப்பின் நாட்காட்டியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பாசிப் பெண்களுக்கு அட்டமி, நவமியை ஒட்டிய நாட்கள் ஏற்றவை. பாக் விரிகுடாவில் விசைப்படகுக்கு வாரம் 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள் என்ற முறை இருப்பதால் இரு தரப்பாரும் ஒரே நாளில் கரையில் இருப்பது அரிது. விசைப்படகுக்காரர்களை நிதானமாகச் சந்திக்க ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலம் நல்ல நேரம். வெள்ளி நண்பகலையும் ஞாயிறு காலையையும் தவிர்த்துவிடுங்கள்.

இரண்டாம் படி: ஊரின் சம்மதம்

இது சுருக்கமான படி, ஆனால் தாண்டிப் போகக்கூடாதது. ஊர்க்கூட்டம், ஜமாத், பங்குப்பேரவை, விசைப்படகுச் சங்கம், நாட்டுப்படகுச் சங்கம் என்று உங்கள் ஊரில் எது எது உண்டோ அத்தனையிலும் முன்கூட்டியே சொல்லுங்கள். மூன்று விஷயங்களை வாயால் சொல்லி, எழுத்திலும் கொடுங்கள்: படம் யாருக்குச் சொந்தம் (ஊருக்கு), யார் சம்மதத்தில் வெளியே போகும், யார் பெயரும் படத்தில் வராது.

சில ஊர்களில் ஊர்க்கூட்டத்தில் பெண்கள் உட்காரும் வழக்கம் இல்லை. அதை அங்கேயே சண்டைபோட்டுத் திருத்த முயன்றால் வேலை நின்றுவிடும். பெண்களுக்குத் தனியாக ஒரு கூட்டம் வையுங்கள், தனியாக ஒரு படம் போடுங்கள். இரண்டு படங்களையும் ஊர்முன் அருகருகே விரியுங்கள். இரண்டும் ஒரே ஊர்க் கடல் என்பதைப் பார்ப்பவர்களே பேசட்டும்.

மூன்றாம் படி: கோலமாவில் கடல்

காகிதத்தை நீட்டினால் படித்த பிள்ளைகள்தான் பேனாவை வாங்குவார்கள். அறுபது வருடம் கடல் பார்த்தவர் பின்னால் நின்றுகொள்வார். அதனால் மணலில் தொடங்குங்கள். குச்சியும் கோலமாவும் எல்லோர் கைக்கும் பழகியவை.

1. காலை வெயில் ஏறுமுன் கரையில் ஈரமணலாகப் பார்த்து, சுமார் ஐந்து மீட்டர் சதுரத்தை மட்டப்படுத்துங்கள். வடக்குத் திசையை ஒரு கல் வைத்துக் காட்டிவிடுங்கள். படமும் கடல் கிடக்கும் திசையிலேயே இருக்க வேண்டும். திருப்பி வரைந்தால் பெரியவர்களுக்குக் குழப்பம்.

2. முதலில் கரையை வரையச் சொல்லுங்கள். கோயில், தேவாலயம், பள்ளிவாசல், கலங்கரை விளக்கம், பனைமரக் கூட்டம், செல்போன் கோபுரம் என்று கடலிலிருந்து பார்த்தால் கண்ணில் படும் அடையாளங்கள் எல்லாம் வரட்டும். கரையில் இரண்டு அடையாளங்களை ஒன்றுக்குப் பின் ஒன்றாக ஒத்துப் பார்த்துத்தான் நம்மவர்கள் இடம் பிடிக்கிறார்கள். அந்த அறிவே உங்கள் படத்தின் அளவுகோல்.

3. அடுத்து ஆழம். மீட்டர் வேண்டாம், பாகத்தில் கேளுங்கள். ஒரு பாகம் ஏறத்தாழ 6 அடி. இரண்டு பாகம், நாலு பாகம், ஆறு பாகம் என்று நீலக் கோலமாவில் கோடு போடச் சொல்லுங்கள்.

4. பிறகு தரை. எங்கே சேறு, எங்கே மணல், எங்கே பார், எங்கே கடற்புல்? கடற்புல்லுக்கு ஊருக்கு ஊர் பெயர் மாறும். உங்கள் ஊர்ப் பெயரையே எழுதுங்கள். அறிவியல் பெயரைப் பிறகு யாராவது சேர்த்துக்கொள்வார்கள். உங்கள் பெயர் விட்டுப்போனால் அதைத் திரும்பச் சேர்க்க ஆள் கிடைக்காது.

5. கடைசியாக உழைப்பு. நண்டுவலை, திருக்கைவலை, கூடு, தூண்டில், கரைவலை, பாசி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறமோ ஒரு கிளிஞ்சல் வகையோ வைத்து, அந்தந்தத் தொழில் செய்பவரையே வைக்கச் சொல்லுங்கள்.

6. வெயில் உச்சிக்கு வருமுன் ஏணிமேல் நின்று படம் பிடித்துவிடுங்கள். அன்றைக்கே ஃப்ளெக்ஸ் பேனரின் வெள்ளைப் பக்கத்தில் மார்க்கரால் பெயர்த்து எழுதுங்கள். மறுநாள் என்று தள்ளினால் பாதி மறந்துபோகும். படத்தின் மூலையில் தேதி, அப்போது வீசிய காற்று, எத்தனை ஆண் எத்தனை பெண் கலந்துகொண்டார்கள் என்பதை எழுதுங்கள்.

மணலில் கடல் விரியும்போது சண்டை வரும். "அந்தப் பார் உங்களதா எங்களதா" என்று குரல் உயரும். உடனே தீர்த்துவைக்கத் துடிக்காதீர்கள். சண்டை நடக்கும் இடத்தில் ஒரு சிவப்புக் கல் வைத்துவிட்டு மேலே போங்கள். எங்கெல்லாம் சிவப்புக் கல் விழுந்ததோ அங்கெல்லாம் பின்னால் எல்லை பேசும்போது கவனம் வேண்டும் என்று அர்த்தம். என் கணிப்பில் மொத்தப் படத்திலும் மதிப்பு மிகுந்த தகவல் அதுதான்.

எச்சரிக்கை: ஒரு படகுக்காரருக்கு அவர் மட்டுமே அறிந்த பார் என்பது வங்கி இருப்பைப் போன்றது. அதைப் புள்ளியாகக் குறிக்காதீர்கள். பெரிய வட்டமாகப் போட்டு "இந்தப் பக்கம்" என்று காட்டினால் போதும். கடற்பசு மேயும் இடம், ஆமை ஏறும் கரை, கடல் அட்டை மிகுந்த இடம் இவையும் அப்படியே. கடல் அட்டை பிடிப்பது 2001இலிருந்து தடைசெய்யப்பட்டது, ஆனால் திருட்டு வியாபாரம் ஓயவில்லை. துல்லியமான படம் ஒன்று தவறான கைக்குப் போனால் காப்பாற்ற நினைத்ததை நாமே காட்டிக்கொடுத்ததாகும். எப்போதும் இரண்டு படங்கள் வைத்திருங்கள்: ஊருக்குள் இருப்பது ஒன்று, வெளியே கொடுப்பது ஒன்று. வாட்ஸ்அப் குழுவில் எதையும் போடாதீர்கள்.

இன்னொன்று. தடைசெய்த வலை, வெடி, கடல் அட்டை பற்றி யாரையும் பொதுவில் ஒப்புக்கொள்ள வைக்காதீர்கள். உங்களுக்கு அது தகவலாகத் தெரியலாம். சொன்னவருக்கு அது வழக்காக மாறலாம்.

நான்காம் படி: படகில் போய்ப் புள்ளி எடுப்பது

மணல்படம் மனதில் இருக்கும் கடல். அரசின் படத்தோடு பொருத்த, பத்துப் பதினைந்து இடங்களுக்காவது அட்சரேகை, தீர்க்கரேகை வேண்டும். எல்லா இடத்துக்கும் போக வேண்டியதில்லை. படத்தின் நான்கு மூலைகள், பெரிய பார்கள், கடற்புல் திட்டின் ஓரங்கள், பாசிப் பெண்கள் இறங்கும் இடங்கள், சிவப்புக் கல் விழுந்த இடங்கள் போதும்.

1. புறப்படுமுன் கருவியில் எண் எந்த வடிவில் காட்டுகிறது என்று பாருங்கள். இந்த வேலையில் அதிகம் நடக்கும் தவறு இங்கேதான். மீன்பிடி ஜி.பி.எஸ். பெரும்பாலும் பாகையும் கலையுமாகக் காட்டும். கைப்பேசி பாகையின் தசமத்தில் காட்டும். 9 பாகை 15.5 கலை என்பதை 9.155 என்று எழுதிவிட்டால் கெட்டது. சரியான கணக்கு: 15.5ஐ 60ஆல் வகுத்துக் கூட்ட வேண்டும், 9.2583 வரும். இந்தச் சின்னத் தவறு உங்கள் பாரைச் சுமார் 11 கிலோமீட்டர் தள்ளிப் போட்டுவிடும். படம் பார்க்கிற நிபுணர் இந்த ஒரு பிழையைப் பிடித்தால் மீதி எல்லாவற்றையும் சந்தேகிப்பார்.

2. இடத்துக்கு வந்ததும் எஞ்சினை நிறுத்தி, எண் நிலைக்கும்வரை பொறுங்கள். ஒருவர் வாய்விட்டுப் படிக்க, மற்றவர் நோட்டில் எழுதி, திருப்பிப் படித்துக் காட்டட்டும். கைப்பேசியில் சேமித்தாலும் நோட்டில் எழுதுவதை விடாதீர்கள். கைப்பேசி தண்ணீரில் விழும்.

3. ஆழத்தை முடிச்சுக் கயிற்றால் அளந்து எழுதுங்கள். ஈயக்குண்டின் அடியில் கிரீஸோ சோப்போ தடவி இறக்கினால் சேறோ மணலோ ஒட்டி வரும். ஒன்றும் ஒட்டாமல் மோதி வந்தால் பார். எழுதும்போது நேரத்தையும் ஏற்றமா வற்றா என்பதையும் சேருங்கள்.

4. பவளப்பார்மீதும் கடற்புல்மீதும் நங்கூரம் போடாதீர்கள். காப்பாற்றப் போகிற இடத்தை அளக்கப் போய்க் கீறிவிட்டு வரக்கூடாது.

பாதுகாப்பு

படகில் ஏறும் ஒவ்வொருவருக்கும் உயிர்காப்புச் சட்டை கட்டாயம். நீச்சல் தெரிந்தவருக்கும்தான். வானிலை மையத்தின் மீனவர் எச்சரிக்கையை முதல்நாள் இரவும் புறப்படும் காலையும் பாருங்கள். அரைகுறைச் சந்தேகம் இருந்தாலும் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். கரையில் ஒருவரிடம் எத்தனை பேர், எந்தப் படகு, எத்தனை மணிக்குத் திரும்புவது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். கடலோரக் காவல் படையின் அவசர எண் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழும உதவி எண் 1093. இரண்டும் எல்லோர் கைப்பேசியிலும் இருக்கட்டும்.

பாக் விரிகுடாவில் சர்வதேச எல்லை வெகு அருகில் இருக்கிறது. ஒரு புள்ளிக்காக அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க வேண்டாம். மன்னார் வளைகுடாத் தீவுகளில் வனத்துறை அனுமதி இல்லாமல் காலை வைக்காதீர்கள். நல்ல நோக்கத்தில் போனாலும் அத்துமீறல்தான். அதன்பின் கூட்டத்தில் உங்கள் பேச்சு எடுபடாது. பாசிப் பெண்களோடு போகிறவர்கள் கண்ணாடியும் காலுக்கு ரப்பர் செருப்பும் இல்லாமல் இறங்க வேண்டாம். பாரில் கீறிய காயம் எளிதில் ஆறாது.

ஐந்தாம் படி: ஒரு வருடக் கணக்கு

படம் இடத்தைச் சொல்லும், காலத்தைச் சொல்லாது. மாசியில் வந்து பார்த்த நிபுணர் ஒரு பாரில் படகே இல்லை என்று எழுதிவிட்டுப் போவார். ஐப்பசியில் அதே பாரில் நாற்பது வத்தை கிடக்கும். ஆகவே ஒரு பெரிய தாளில் பன்னிரண்டு தமிழ் மாதங்களைக் குறுக்கேயும், தொழில்களை நெடுக்கேயும் கட்டம் போட்டு, எந்த மாதம் எந்தத் தொழில், எந்தக் காற்று, எந்த மீன் சினையோடு வருகிறது, எந்த மாதம் வீட்டில் கடன் வாங்குகிறார்கள் என்று நிரப்புங்கள். கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். கடன் வாங்கும் மாதத்தில் கடலை மூடும் திட்டம் எந்த ஊரிலும் நிற்காது.

ஆறாம் படி: எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்க முடியாது?

எதையும் விட்டுத்தர முடியாது என்று போகிற ஊரிடம் இரண்டாவது கூட்டத்துக்கு ஆள் வருவதில்லை. என்ன சொன்னாலும் சரி என்று தலையாட்டுகிற ஊர் பின்னால் அழுகிறது. இரண்டுக்கும் நடுவில் ஊர் தானே ஒரு முடிவோடு போக வேண்டும்.

மன்னார் வளைகுடாக் கரையின் பாசிப் பெண்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவர்கள் "எங்களை விடுங்கள்" என்பதோடு நிற்கவில்லை. மாதத்தில் எடுக்கும் நாட்களைத் தாங்களே குறைத்துக்கொண்டார்கள். பாரைச் சுரண்டும் இரும்புக் கருவியை விட்டுக் கையால் எடுக்க ஒப்புக்கொண்டார்கள். அந்த இயக்கத்தின் முன்வரிசையில் நின்ற சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு விருது கொடுத்தது. வேரோடு பிடுங்காமல் விட்டால் மறுபடி துளிர்க்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்த விஷயம். அதை விதியாக மாற்றி மேசையில் வைத்ததுதான் அவர்கள் செய்த பெரிய காரியம்.

உங்கள் ஊர் மூன்று பட்டியல் எழுதட்டும்.

1. யாரும் எப்போதும் தொடக்கூடாது என்று ஊரே ஒப்புக்கொள்ளும் இடம். சிறியதாக இருந்தாலும் மனமார ஒப்புக்கொண்டதாக இருக்கட்டும்.

2. சில மாதங்களுக்கு, அல்லது சில வலைகளுக்கு மட்டும் மூடலாம் என்ற இடம். கடற்பசு மேயும் புல்திட்டில் திருக்கைவலை வேண்டாம், தூண்டில் இருக்கலாம் என்பது போல. கடற்பசு மூச்சுவிட மேலே வர வேண்டிய உயிர். அடியில் கட்டிப்போட்ட வலையில் சிக்கினால் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். வலையின் வகையைப் பேசினால் தீர்வு கிடைக்கிற இடத்தில் இடத்தையே மூட வேண்டியதில்லை.

3. மூடினால் பிழைப்பே போய்விடும் இடம். இங்கே காரணத்தை ஆட்களின் எண்ணிக்கையோடு எழுதுங்கள். "எங்கள் வாழ்வாதாரம்" என்று எழுதினால் ஒருவரும் நின்று படிக்கமாட்டார்கள். எத்தனை வீடு, எந்த மாதம், என்ன தொழில் என்று எழுதினால் படிப்பார்கள்.

வழக்கமான தவறு: மூடும் இடமாக எப்போதும் பெண்கள் இறங்கும் கரையோரத்தையே கைகாட்டுவது. படகு வைத்திருப்பவர்கள் நிறைந்த கூட்டத்தில் இது பேசாமலே நடந்துவிடும். முதல் பட்டியலை இறுதி செய்யுமுன் பெண்களின் படத்தை அதன்மேல் வைத்துப் பாருங்கள்.

சட்டத்தில் இவ்வளவு தெரிந்தால் போதும்

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972தான் அடிப்படை. அறிவிப்பு எந்த வகை என்று முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தேசியப் பூங்கா அல்லது சரணாலயம் என்றால், மாவட்ட ஆட்சியர் ஊரின் மொழியில் அறிவிப்பு வெளியிட வேண்டும். அந்த நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் உங்கள் உரிமையை எழுத்தில் கோர வேண்டும். இந்த இரண்டு மாதம் கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். நாட்டின் கடல் எல்லைக்குள் சரணாலயம் அமைத்தால் உள்ளூர் மீனவர்களின் தொழில் நலனைக் காக்கப் போதிய ஏற்பாடு செய்த பிறகே எல்லை வகுக்க வேண்டும் என்று பிரிவு 26ஏ சொல்கிறது. உங்கள் மனுவில் இந்தப் பிரிவின் எண் இருக்கட்டும்.

பாதுகாப்பகம் என்றால் பிரிவு 36ஏ. உள்ளூர் மக்களைக் கலந்த பிறகே அறிவிக்கலாம். அரசுக்குச் சொந்தமான இடத்துக்கு இது. கடற்பசு பாதுகாப்பகம் இந்த வகைதான். பிரிவு 36பி-யின்படி அமையும் குழுவில் அந்த எல்லைக்குள் வரும் ஒவ்வொரு ஊராட்சிக்கும் ஒரு பிரதிநிதி உண்டு. அதிலே ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. பல கடலோர ஊராட்சிகளில் மீனவக் குப்பத்தைவிட உள்ளே இருக்கும் விவசாயக் கிராமங்களில் ஆட்கள் அதிகம். ஊராட்சி அனுப்பும் பிரதிநிதி கடலில் கால் நனைக்காதவராக இருக்கக்கூடும். மீன்பிடித் தொழில் செய்பவரையே அனுப்புவது என்று கிராமசபையில் முன்கூட்டியே தீர்மானம் போட்டுவிடுங்கள். அந்தக் குழுவின் வேலை ஆலோசனை சொல்வது என்பதையும் மறக்க வேண்டாம். ஆலோசனைக்கு எடை கொடுப்பது உங்கள் படமும் கணக்கும்தான்.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற கிராமசபை நாட்களில் ஏதாவது ஒன்றில் உங்கள் படத்தை வைத்துத் தீர்மானம் நிறைவேற்றுங்கள். ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழு வைத்திருக்க வேண்டிய மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டிலும் அதைச் சேர்த்துவிட்டால், அரசு ஆவணம் ஒன்றுக்குள் உங்கள் கடல் நுழைந்துவிடும்.

கருத்துக்கேட்புக் கூட்டத்தன்று

1. வரைவு அறிவிப்பும் எல்லைப் படமும் தமிழில், கூட்டத்துக்குக் குறைந்தது பதினைந்து நாள் முன்பே வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனுப் போடுங்கள்; 30 நாளில் பதில் தர வேண்டும்.

2. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுமுன் தலைப்பைப் படியுங்கள். தலைப்பு இல்லாத தாளில் ஒருவரும் கையெழுத்திட வேண்டாம். "வருகைக்கு மட்டும், ஒப்புதலுக்கு அல்ல" என்று உங்கள் கையால் மேலே எழுதிவிட்டுப் பிறகு போடுங்கள். நான் கலந்துகொண்ட ஒரு கூட்டத்தில் தேநீருக்காகப் போட்ட கையெழுத்து, பின்னால் சம்மதக் கையெழுத்தாகக் கோப்பில் இருந்தது.

3. பேசுவதற்கு ஐந்து பேரை முன்பே முடிவு செய்யுங்கள். இரண்டு பேராவது பெண்கள். ஒருவருக்கு ஒரு விஷயம், ஐந்து நிமிடம். முதலில் பேசுகிறவர் "எதைக் காப்பாற்ற ஒப்புக்கொள்கிறோம்" என்பதிலிருந்து தொடங்கட்டும்.

4. அரசின் படத்தின்மேல் உங்கள் படத்தை அங்கேயே விரியுங்கள். ஊருக்குள் வைத்திருக்கும் படத்தை அல்ல, வெளியே கொடுக்கும் படத்தை.

5. கேட்ட கேள்வியும் கிடைத்த பதிலும் கூட்டக் குறிப்பில் வர வேண்டும். உங்கள் ஆள் ஒருவர் தனியாகக் குறிப்பெடுத்து, இரண்டு நாளுக்குள் ஒப்புகை பெறும் தபாலில் ஆட்சியருக்கும் வனத்துறைக்கும் மீன்வளத்துறைக்கும் அனுப்பிவிடட்டும்.

கூட்டத்தில் இரு ஊர்களுக்கிடையே, அல்லது விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் இடையே சண்டை மூண்டால் உங்கள் ஆட்களை அழைத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். மறுநாள் கடலில் அவர்கள் ஒருவரையொருவர் சந்தித்தாக வேண்டும். விட்டுப்போன கருத்தை எழுத்தில் கொடுத்துக்கொள்ளலாம்.

அறிவிப்புக்குப் பிறகு

எல்லை எங்கே என்பது கடலில் தெரிய வேண்டும். மிதவையோ கரையில் அடையாளக் கம்பமோ வைக்கச் சொல்லிக் குழுவின் முதல் கூட்டத்திலேயே கேளுங்கள். கண்ணுக்குத் தெரியாத கோட்டைத் தாண்டியதற்காக யாரும் அபராதம் கட்டக்கூடாது. வலையில் சிக்கிய கடற்பசுவையோ ஆமையையோ உயிரோடு விடுகிறவருக்கு வலை அறுந்த நட்டத்தை யார், எத்தனை நாளில் தருவார்கள் என்பதையும் அதே கூட்டத்தில் எழுத்தில் வாங்குங்கள்.

படகுத்துறையில் ஒரு நோட்டு கட்டித் தொங்கவிடுங்கள். மூடிய இடத்தின் ஓரத்தில் என்ன மீன், என்ன அளவு, எத்தனை படகு என்று வாரம் ஒருமுறை எழுதினால் போதும். மூன்று வருடம் கழித்து எல்லையை மாற்றச் சொல்லவோ, நீட்டச் சொல்லவோ அதுதான் சாட்சி.

படத்தைப் புதுப்பிக்கவும் வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையில் கடலடிச் சேறு ஊருக்குள் வந்து குவிந்தது. பழகிய தரை பல இடங்களில் மாறிப்போனது. ஆகவே ஒவ்வொரு பெரும்புயலுக்குப் பிறகும், புயல் இல்லாவிட்டால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறையும், மறுபடி மணலை மட்டப்படுத்திக் கோலமாவிலிருந்து தொடங்குங்கள். பழைய படத்தின்மேல் திருத்தாதீர்கள். அதைத் தேதியோடு சுருட்டி, எலி கடிக்காத பெட்டியில் வைத்துவிட்டுப் புதியதை வேறு பேனரில் போடுங்கள்.